செய்குன்றும் வீழருவியும்: வீட்டுக் குளத்தின் வரலாறு

ஈப்போ நகரின் புறத்தே, முன்னாள் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த இடங்களில் எழுந்துள்ள குடியிருப்புகளில், வீட்டின் பின்புறத்தே சிறு குளம் அமைக்கும் வழக்கம் இந்நாளில் பெருகி வருகிறது. கற்களை அடுக்கி ஒரு குன்று செய்கின்றனர். அதன் உச்சியினின்றும் நீர் வீழ்கிறது. கீழே உள்ள குளத்தில் வண்ண மீன்கள் உலவுகின்றன. காண்போர் இதனை ஜப்பானியர் கலை என்றோ, மேனாட்டார் நாகரிகம் என்றோ கருதுவர். தமிழருக்கும் இதற்கும் தொடர்பு உண்டோ என வினவினால் பலர் நகைப்பர்.

ஜப்பானியர் இக்கலையில் வல்லவர் என்பதில் ஐயமில்லை. தோட்டம் அமைக்கும் முறைகளைத் தொகுத்துக் கூறும் ‘சகுத்தெய்கி’ என்னும் அவர்தம் நூல் 11ஆம் நூற்றாண்டினது. அருவி அமைக்கும் வகைகளை அது தனியே எடுத்து ஓதுகிறது. காஷ்மீரத்தில் 1619இல் ஜகாங்கீர் மன்னன் தொடங்கிய சாலிமார்த் தோட்டமும் படிப்படியாக வீழும் நீருக்குப் பெயர் பெற்றது. எனினும், இவ்விரண்டிற்கும் முற்பட்ட தமிழ் நூலொன்று, குன்றும் அருவியும் குளமும் ஒருங்கே அமைந்த ஒரு தோட்டத்தை விளங்கக் காட்டுகிறது. அந்நூல் எது, அது கூறுவது யாது, அவ்வறிவு பின்னர் எவ்வாறு நம் கைவிட்டுப் போயிற்று, மீண்டும் எவ்வழியாக நம் வீட்டு வாயிலை அடைந்துள்ளது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

நீர்நிலைச் சொற்கள்

ஒரு பொருளோடு மக்கள் கொண்ட பழக்கத்தின் ஆழத்தை அவர்தம் சொற்களே காட்டிவிடும். குளம், குட்டை, ஏரி, ஊருணி, கேணி, கிணறு, வாவி, இலஞ்சி, பொய்கை, சுனை, மடு என நீர்நிலைகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. இவையெல்லாம் ஒரே பொருளைக் குறிக்கும் வெற்றுப் பெயர்கள் அல்ல. மலைப்பாறையில் இயற்கையாய் ஊறுவது சுனை. ஊரார் உண்ணும் நீருக்கென அமைந்தது ஊருணி. ஆற்றிடையே ஆழ்ந்த இடம் மடு. பொய்கை என்பது மாந்தர் ஆக்காத நீர்நிலை என்று பழைய உரைகாரர் பொருள் வரைந்தனர். ஆக்கியது எது, ஆக்காதது எது என்று பிரித்தறியும் நுட்பம் சொல்லிலேயே அமைந்துள்ளமை கருதத்தக்கது.

குளத்தின் உறுப்புகளுக்கும் அவ்வாறே தனித்தனிப் பெயர்கள் உண்டு. நீரைத் தாங்குவது கரை. வேண்டும்போது நீரை வெளியே விடுவது மதகு. அடியிலிருந்து நீர் செல்லும் வழி தூம்பு. மிகுந்த நீர் தானே வழிந்தோடுவதற்கு அமைந்தது கலிங்கு. இச்சொற்களைப் பள்ளி மாணவர் இன்று அகராதியில்தான் காண்கின்றனர். கருவி மறைந்தால் அதன் பெயரும் மறைவது இயல்பு.

மணிமேகலை காட்டும் சோலை

‘மணிமேகலை’யின் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய காதையில், சோழ மன்னன் தன் தேவியோடு சோலையில் உலவும் காட்சி வருகிறது. அச்சோலையில் எந்திரக் கிணறு உண்டு. கல்லிட்டு அடுக்கிய குன்று உண்டு. அதனின்றும் வந்து வீழும் அருவி உண்டு. மலர்ப்பந்தரும், அகன்ற பொய்கையும், நீர் வெளித்தோன்றாத கேணியும், பளிங்கினாலாகிய இடமும் உண்டு. இந்நூலின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உளதேனும், அதனை 6ஆம் நூற்றாண்டை ஒட்டி வைப்பார் பலர்.

இப்பட்டியலில் எந்திரக் கிணறும், கல்லிட்ட குன்றும், வீழும் அருவியும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. செய்குன்றில் ஊற்று இல்லை. ஆதலின் அதன் உச்சிக்கு யாரேனும் நீரை ஏற்றினாலன்றி அருவி வீழாது. நீரை ஏற்றக் கருவி, உயரத்திற்குக் குன்று, வீழ்ச்சிக்கு அருவி, தாங்குதற்குப் பொய்கை என்னும் நான்கும் ஒரு தொடராய் இயங்குவன. இன்று வீட்டுக் குளம் அமைப்பவர் செய்வதும் இந்நான்கே.

‘நெடுநல்வாடை’யில் நக்கீரர் காட்டும் அரண்மனை முற்றத்திலும் ஓர் அருவி உண்டு. நிலாமுற்றத்து மழைநீர், அகன்ற வாயுடைய தூம்பின் வழியே ஒலியுடன் வீழ்ந்து நிறைவதை அப்புலவர் குறிக்கிறார். இங்கே எந்திரம் இல்லை. வானமே நீரை மேலேற்றித் தருகிறது. ஆகவே, பண்டைத் தமிழர் அருவி அமைக்க இருவழி அறிந்திருந்தனர். ஒன்று கருவியால் நீரை ஏற்றுவது. மற்றொன்று மழைநீரை உயரத்தே தேக்கி வீழ்த்துவது.

கல்லில் நின்ற சான்றுகள்

நூற்சான்று கற்பனையாதலும் கூடும் என்பார்க்கு மாமல்லபுரம் விடை கூறும். 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் செதுக்கிய பெரும் பாறைச் சிற்பத்தை அருச்சுனன் தவம் என்பாரும், பகீரதன் தவம் என்பாரும் உளர். இரு பாறைகளுக்கு இடையே இயற்கையாய் அமைந்த பிளவில் நாகர் உருவங்கள் நீரில் மேலெழுவன போல் செதுக்கப்பட்டுள்ளன. பாறையின் மேற்புறத்தே நீர்த்தொட்டி இருந்தமைக்குரிய அடையாளங்கள் உள்ளன. தொட்டியில் தேங்கிய நீர் பிளவின் வழியே நாகர் மீது வழிந்து, அடியிலிருந்த குளத்தில் வீழ்ந்திருத்தல் வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அவ்வாறாயின், அச்சிற்பத்தின் நடுவுறுப்பு கல்லன்று, நீரே ஆகும். நீர் வற்றிய நாளில் நாம் அதனைக் காண்கின்றோம்.

ஈழத்துச் சிகிரியாவில் காசியப்ப மன்னன் (477–495) அமைத்த நீர்த்தோட்டம் இதனினும் முற்பட்டது. அங்குள்ள நீரூற்றுகள் துளையிட்ட கற்பலகைகளின் வழியே பாய்வன. நிலத்தடிக் குழாய்களில் நீர் தன் அழுத்தத்தாலேயே மேலெழுகிறது. மழைக்காலத்தில் அவ்வூற்றுகள் இன்றும் பாய்தலைக் காணலாம். இது சிங்கள மன்னனின் ஆக்கம். தமிழர் அதற்கு உரிமை கொண்டாட வேண்டுவதில்லை. இப்பகுதி முழுவதிலும் நீரியல் அறிவு பரவியிருந்தது என்பதற்கு அது சான்றாம்.

மதுரையில் திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய புது மண்டபம் வசந்த விழாவிற்கு உரியது. வேனில் வெம்மை தணியுமாறு அதனைச் சுற்றி நீர் நிற்கும் அகழி அமைக்கப்பட்டிருந்தது. அவரே அமைத்த வண்டியூர்த் தெப்பக்குளத்திற்கு வைகையினின்றும் கால்வாய் வழியே நீர் வந்தது. நீரை அழகுக்கும் குளிர்ச்சிக்கும் பயன்படுத்தும் வழக்கு இடையறாது தொடர்ந்தமை இவற்றால் விளங்கும்.

ஆயினும் இங்கே ஒன்றை மறைத்தல் கூடாது. அருவியும் செய்குன்றும் மன்னர்க்கே உரியனவாய் இருந்தன. ஏற்றமும் கவலையும் இயக்க ஆட்களோ எருதுகளோ வேண்டும். உழவன் இறைத்த நீர் வயலுக்குப் போதுமானால் அதுவே பெரிது. அருவிக்கென நீர் இறைக்க அவனால் இயலாது. ஊர்மக்களுக்குக் குளம் இருந்தது. குன்றினின்றும் வீழும் நீர் இல்லை. மணிமேகலையின் அக்காதையிலேயே, மன்னன் சோலையில் மகிழ்ந்த பின்னர்தான், சிறையிலுள்ளார் பசியை நினைந்த மணிமேகலை அக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டுகிறாள். சோலையையும் சிறையையும் ஒரே காதையில் வைத்த சாத்தனார், இன்பம் எவர்க்கு உரியதாய் இருந்தது என்பதையும் உணர்த்திவிட்டார்.

நீரை அஞ்சிய காலம்

1877இல் பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர் நாற்றுகள் ஒன்பது நடப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடுகள் அழிந்து தோட்டங்கள் பெருகின. திருச்சி, தஞ்சை, சேலம், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களினின்றும் தமிழர் திரளாக வந்தனர். ஏரியும் குளமும் வெட்டிக் காத்த மரபினர் அவர். நீர் நிறைந்த நாட்டிற்கே வந்தனர். எனினும் தோட்டத்தில் அவர் குளம் வெட்டவில்லை. அதற்குரிய காரணங்களுள் முதன்மையானது மலேரியாக் காய்ச்சல்.

உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சிட்டு வெளியிட்டது 1898இல். அதற்கு முந்திய ஆண்டு, 1897இல், ரொனால்டு ராஸ் என்பார் மலேரியாவைக் கொசுவோடு தொடர்புபடுத்தும் சான்றைச் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். தமிழரின் நீர்ச்சோலை ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த அதே காலத்தில், தேங்கிய நீர் உயிர்க்கு இறுதி என்னும் அறிவும் உலகிற்கு வந்தது. 1901 முதல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்புகளை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார்.

மலைப்பாங்கான தோட்டங்களில் அம்முறை பயன்படவில்லை. அங்கே நோயைப் பரப்பியது ‘அனாபெலிஸ் மாக்குலேட்டஸ்’ என்னும் கொசு. அது கலங்கிய சேற்றில் வளர்வதன்று. வெயில் படும் தெளிந்த ஊற்றோரங்களிலும் மெல்ல ஓடும் சிற்றோடைகளிலும் வளர்வது. காடு நிழல் தந்தவரை ஓடைகளில் அது பெருகவில்லை. ரப்பருக்காகக் காட்டை வெட்டியதும் ஓடையில் வெயில் பட்டது; கொசு பெருகியது; குடியிருந்த தொழிலாளர் பெருந்தொகையினராய் மாண்டனர். ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் மறைத்தும், வெளியே தெரிந்த நீரில் எண்ணெய் தெளித்தும் அதனை ஒடுக்கினர்.

ஆகவே, தோட்டத் தமிழரின் தலைமுறைகள் நீரைக் கண்டால் மூடுக, வடிக்க, எண்ணெய் இடுக என்றே பழகின. அது தேவையான பாடம். உயிர்களைக் காத்த பாடம். ஆனால் அதற்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. கரை கட்டும் கையும், கலிங்கு வைக்கும் கணக்கும், அவற்றின் சொற்களும் லயத்து வாழ்வில் வேரூன்ற இடம் பெறவில்லை.

ஈயக்குழிகள் கற்பித்தது

அதே பேராக்கில், தோட்டத்தின் வேலிக்கு அப்பால், வேறொரு நீர்வித்தை நடந்து வந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயலம்பங்களில் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பர். கரைந்த மண்ணும் சரளையும் நீரும் பம்பினால் மேலேற்றப்பெறும். உயர்ந்த கால்களின் மீது சரிவாய் அமைந்த ‘பாலோங்’ என்னும் நீண்ட மரத்தொட்டியில் அவை வழிந்தோடும். கனமான ஈய மணல் இடைத்தடுப்புகளில் படிய, நீரும் மணலும் கீழே வீழும். கோப்பெங் பகுதியில் மலைநீரையே பெருங்குழாய் வழியே கொணர்ந்து அதன் அழுத்தத்தால் மண்ணைக் கரைத்தனர். ஏற்றும் பம்பு, உயர்ந்த சரிவு, வீழும் நீர், தாங்கும் குழி என மணிமேகலைச் சோலையின் நான்கு உறுப்புகளும் இங்கே தொழிலாய் நின்றன.

1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் மூடப்பெற்றன, குழிகளில் நீர் நிறைந்தது. பத்து காஜாவை அடுத்துள்ள பழைய ஈயக்குட்டைகள் சில இன்று பறவைகளின் புகலிடமாக விளங்குகின்றன. குழியை எழிலிடமாக்கும் வழியைத் தைப்பிங் முன்னரே காட்டியிருந்தது. அங்குள்ள ஏரித்தோட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலத்தில் உருவானது. புண்பட்ட நிலமும் நீரால் ஆறும் என்பதற்கு அஃது ஒரு சான்று.

வீட்டுப் புறத்தே முதற்குளம்

பண்டு மன்னனுக்கு மட்டும் இயன்ற அருவி இன்று எளிய வீட்டிற்கும் வந்தமைக்குக் காரணம் நீரில் மூழ்கி இயங்கும் சிறிய மின்பம்பு ஆகும். அது எந்திரக் கிணற்றின் வழித்தோன்றல். எனினும் பம்பை வாங்குவது எளிது; குளத்தைத் திட்டமிடுவதற்குப் பழைய அறிவே துணை செய்யும். முதன்முறை அமைப்பார் கருதவேண்டியவற்றை முறைப்படுத்திக் காண்போம்.

முதலாவது இடம். தாழ்ந்த மூலையில் குளம் வைத்தால் மழைநீர் முற்றத்து மண்ணையும் உரத்தையும் அடித்துக்கொண்டு அதில் இறங்கும். ஆகவே சற்று மேடான இடமே ஏற்றது. மரத்தின் நேர் அடியில் வைத்தால் சருகு மண்டும். முழு வெயிலில் வைத்தால் பாசி மண்டும். நாளின் ஒரு பாதி நிழல் விழுமிடம் நன்று.

இரண்டாவது அளவு. 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உடைய குளம் 3,600 லிட்டர் நீர் கொள்ளும்; ஓரங்களில் படி வைத்தால் சிறிது குறையும். அடியில் விரிக்கும் ரப்பர் விரிப்புக்கு, நீளத்தோடு ஆழத்தின் இருமடங்கும் இருபுறமும் 30 சென்டிமீட்டர் மிகையும் கூட்டினால் 4.8 மீட்டர் வரும். அகலத்திற்கு அவ்வாறே 3.8 மீட்டர். இவ்விரிப்புக்குரிய ரப்பர் பெரும்பாலும் ஆலையில் செய்யப்படும் செயற்கை ரப்பர். பால்மரம் நின்ற நிலத்தில் அதன் போட்டிப் பொருளை விரிக்கும் காலமாயிற்று! விரிப்பு வருமுன்னர் நம் முன்னோர் களிமண்ணை ஈரமாக்கி மிதித்து இறுக்கியே நீர்க்கசிவைத் தடுத்தனர்.

மூன்றாவது மட்டம். கரையின் நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும்; ஒரு விரற்கடை தாழ்ந்தாலும் நீர் அவ்வழியே வழியும், மறுபக்கம் விரிப்பு வெளியே தெரியும். நீர் நிரப்பிய தெளிகுழாய் ஒன்றின் இருமுனைகளையும் எதிரெதிர்க் கரைகளில் பிடித்தால் நீரே மட்டத்தைக் காட்டிவிடும்.

நான்காவது கலிங்கு. புதிதாய்க் குளம் அமைப்போர் பெரும்பாலும் மறப்பது இதனையே. மேற்சொன்ன குளத்தின் பரப்பு 6 சதுர மீட்டர்; ஒரு மாலையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 600 லிட்டர் நீர் மிகையாய்ச் சேரும். ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் கிந்தாவில் இது அரிதன்று. போக்கிடம் இல்லையேல் மீனும் நீரோடு வெளியேறும். கரையின் ஓரிடத்தைத் தாழ்த்தி, வலையிட்டு, வடிகாலோடு இணைத்தல் வேண்டும்.

ஐந்தாவது அருவி. குன்றிற்கு, குளம் தோண்டிய மண்ணே போதும். அதனை நன்கு இடித்து இறுக்கி, அதன் மீதும் விரிப்பிட்டு, பெருங்கல்லை அடியிலும் சிறுகல்லை மேலும் அடுக்கல் வேண்டும். நீர் வீழும் விளிம்பில் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத்திற்கும் மணிக்கு ஏறத்தாழ 150 லிட்டர் நீர் வந்தால் திரைபோல் வீழும். 20 சென்டிமீட்டர் விளிம்பிற்கு 3,000 லிட்டர். பம்பின் ஆற்றல் உயரம் ஏற ஏறக் குறையுமாதலின், குன்றின் உயரத்தில் அது தரும் அளவையே கணக்கிற் கொள்க. குன்று இடுப்பளவிற்கு மேற்படாதிருத்தல் நன்று. மின்கசிவு நேர்ந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவியை மின்தொழிலாளரைக் கொண்டு பொருத்துதல் இன்றியமையாதது.

ஆறாவது உயிர்கள். குழாய் நீரிலுள்ள குளோரின் நீங்குமாறு சில நாள் அருவியை ஓடவிட்டு, முதலில் செடிகளையும், பின்னர்ச் சில மீன்களை மட்டும் விடுக. மீன்கழிவை நச்சற்றதாக்கும் நுண்ணுயிர்கள் கற்களில் படிந்து பெருகச் சில வாரங்கள் ஆகும். ஒரே நாளில் மீன்களை நிறைத்தால் அவை மடியும்.

எஞ்சியிருப்பது கொசு. இந்நாளில் அச்சத்திற்குரியது டெங்கி பரப்பும் ஏடிஸ். அது வீட்டைச் சுற்றித் தேங்கும் அசையாத சிறுநீர்த் தேக்கங்களில் முட்டையிடுவது. பூச்சாடித் தட்டும் கவிழ்க்காத வாளியும் அதன் தொட்டில்கள். கொசு வளர இடமளிப்பது மலேசியாவின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். நீர் இயங்கிக்கொண்டிருந்து, புழுக்களைத் தின்னும் சிறு மீன்களும் உள்ள குளம் கொசுவிற்கு இடங்கொடாது. ஆனால் பம்பு பழுதுற்று, மீன் மடிந்து, கவனிப்பாரற்றுக் கிடந்தால் அக்குளமே கேடாகும். ஒரு வாரத்திற்குமேல் நின்ற நீரைப் பாராமல் விடுதல் ஆகாது. குழந்தைகள் உள்ள வீட்டில் 60 சென்டிமீட்டர் ஆழமும் உயிர்க்கு இடர். வேலியோ, நீர்மட்டத்தில் உறுதியான கம்பி வலையோ வைத்த பின்னரே நீர் நிரப்புதல் முறை.

முடிவுரை

தோட்டத்துப் பாட்டன் நீரை மூடச் சொன்னதும், அவனுக்கு முற்பட்ட பாட்டன் நீரைத் தேக்கச் சொன்னதும் தம்முள் முரணானவை அல்ல. இருவரும் கூறியது நீரைக் கவனியாது விடாதே என்பதே. அவ்விரு பாடங்களையும் அறிந்தவனே இன்று குளம் அமைக்கத் தக்கவன்.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு வாய்ப்பும் உண்டு. பள்ளி வளாகத்தில் வேலியிட்ட சிறு குளம் ஒன்று அமையுமானால், பரப்பும் கொள்ளளவும் கணக்குப் பாடமாகும். மீனும் நுண்ணுயிரும் அறிவியலாகும். கலிங்கு என்னும் சொல்லை மாணவன் அகராதியில் தேட வேண்டியதில்லை, மழை பெய்யும் மாலையில் அவ்வழியே நீர் ஓடுவதைக் கண்டறிவான். ‘எந்திரக் கிணறு’ என்று மணிமேகலையில் படிக்கும்போது, நேற்றுத் தான் துடைத்து வைத்த பம்பு அவன் நினைவுக்கு வரும். சாத்தனார் மன்னன் சோலையில் காட்டிய நீர்வீழ்ச்சி, அதனை அன்று எட்டிப் பார்க்கவும் இயலாதவரின் வழித்தோன்றல்கள் படிக்கும் பள்ளியில் ஒலிப்பது தமிழ்க் கல்விக்குப் பெரும்பேறு ஆகும்.